பூப்பொட்டலம் கட்டியவன்

நான் போடும் காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அனீஸ். பிடிக்கவில்லையென்றால் அப்படியே வைத்துவிடுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். பேச்சுக்கு நடுவில் நான் எழுந்து எழுந்து வாசலைப் பார்ப்பதையும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தம்பி சுரேந்தர் அவிநாசியிலிருந்து காரில் வந்துகொண்டிருக்கிறான். ஹார்ன் கேட்டதும் நான் கிளம்ப வேண்டும். அதற்குள் நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

நீங்கள் பதிப்பாளர். தொகுப்பின் கடைசிக் கதைக்கு முடிவு எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்டுக் கேட்டு, போனில் நான் சொன்ன சாக்கையெல்லாம் நம்பி, கடைசியில் ராயல்டி முன்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் பீளமேடு வரைக்கும் நேரில் வந்திருக்கிறீர்கள். நல்ல மனுஷர். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை.

என் வேலை முறை உங்களுக்குத் தெரியும். தத்துவத்தை நான் கதையாகத்தான் யோசிப்பேன். பொய் சொல்வது எப்போதும் தவறா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பையன்கள் கொட்டாவி விடுவார்கள். கண் தெரியாத ஒரு கிழவரின் நாய் செத்துவிட்டது, அது அவருக்குத் தெரியக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரன் தினமும் சாயங்காலம் வேலியோரம் நின்று குரைக்கிறான் என்று ஆரம்பியுங்கள். போனைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் எத்தனை நாளைக்கு சார் குரைப்பான் என்று கேட்பார்கள். கருத்து காற்றில் இருக்கும்வரை எவனும் எதையும் சொல்லலாம். ஒரு மனிதனின் தலையில் இறக்கி வைத்தால்தான் அதற்கு எடை உண்டா என்று தெரியும்.

எங்கள் கல்லூரியில் தத்துவத் துறையை மூடிப் பல வருஷமாகிவிட்டது. துறை இருந்த அறையில் இப்போது ஏதோ பிளாஸ்டிக் பொம்மை அச்சடிக்கும் இயந்திரம் ஓடுகிறது. என்னை வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல், பொறியியல் பிள்ளைகளுக்குக் ‘கதை வழியே தத்துவம்’ என்று ஒரு விருப்பப் பாடத்தைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மதிப்பெண் சுலபமாகக் கிடைக்கும் என்று கூட்டம் வரும். நான் முடிவில்லாத கதையைச் சொல்வேன். அவர்கள் அடித்துக்கொள்வார்கள். அந்தச் சண்டையிலிருந்து முடிவைப் பொறுக்கி எடுத்து வந்து வீட்டில் உட்கார்ந்து எழுதுவேன். உங்கள் தொகுப்பில் உள்ள கதைகள் எல்லாம் அப்படி வந்தவைதான், கடைசி ஒன்றைத் தவிர.

கடைசிக் கதை என் வீட்டில் நடந்தது.

மோகனப்பிரியா என் தங்கை, மூன்று பேரில் கடைசி. நீங்கள் அவளை ஒரு புத்தக வெளியீட்டில் பார்த்திருக்கிறீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து, நான் பேசும்போது சத்தமாகச் சிரித்தாளே, அவள்தான். என் கதைகளைப் படித்துவிட்டு, “பெரியண்ணா, உங்க கதையில யாருக்குமே பசிக்கறதில்லீங்களே, ஏனுங்க?” என்று கேட்பாள். விமர்சகர்கள் யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. அவளுக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. குடிக்கிறவர்களுக்கு வருவது என்று ஊரில் நினைப்பார்கள். இது அப்படியில்லை, உடம்பே தன் ஈரலை எதிரியாக நினைத்து அழிப்பது. மாற்று ஈரல் வைத்தால் பிழைப்பாள், இல்லையென்றால் வருஷம் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இறந்தவர்களின் உறுப்புக்கான வரிசையில் பேரைப் பதிந்தோம். அந்த வரிசை நகர்வதாகத் தெரியவில்லை.

உயிரோடு இருக்கும் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும். எனக்கு அது விசித்திரமான அழகாகப் பட்டது. மாப்பிள்ளை கிருபாசங்கருக்கு ரத்த வகை சேரவில்லை. அவர்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறவள், அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அண்ணன் தம்பி எங்கள் இரண்டு பேரையும் மருத்துவமனையில் சோதித்தார்கள். எனக்குப் பொருந்தவில்லை என்று டாக்டர் குடும்பத்தாரை உட்கார வைத்துச் சொன்னார். சுரேந்தருக்குப் பொருந்தியது.

சுரேந்தரை நீங்கள் இன்னும் பார்த்ததில்லை. அவிநாசிப் பக்கம் எங்கள் பூர்வீகக் காடு தோட்டத்தையும் கொஞ்சம் விசைத்தறிகளையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். மனைவி பிந்து, இரண்டு பிள்ளைகள். முரட்டு ஆள் மாதிரி இருப்பான், ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பொருந்திவிட்டது என்று தெரிந்த மறுநாள் காலையில் இந்த வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். நான் போய்க் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஏனுங்கண்ணா, வயித்த அறுத்து ஈரல எடுத்துப்போட்டா, நான் பழையபடி எந்திரிச்சு வருவனுங்களா?”

“வருவேன்னுதானடா டாக்டர் சொல்றாரு.”

“ஒருத்தர் ரெண்டு பேருக்கு ஆகாமயும் போகலாம்னு அவரேதானுங்க சொன்னாரு. அந்த ஒருத்தன் நானா இருந்தா? தங்கச்சி அம்மணிய நெனச்சா இப்பவே குடுத்துப்போடோணும்னு இருக்குது. எம்பட புள்ளைங்க மூஞ்சியப் பாத்தா வேண்டாம்னு இருக்குது. ரெண்டும் மாத்தி மாத்தி வருதுங்க.” ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். “பிந்துகிட்டக் கேட்டா, உங்க இஷ்டமுங்கன்னு சொல்லிப்போட்டு ரூமுக்குள்ள போயி அழுவறா. அதனால அம்மங்கிட்டயே பூக் கேட்டுப்போடலாம்னு இருக்கறனுங்க.”

பூக் கேட்பதை உங்களுக்கு விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதற்கும், பெண் கொடுப்பதற்கும், வெளிநாடு போவதற்கும்கூட குலதெய்வத்திடம் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. ஒரே அளவு வாழையிலை, ஒரே மாதிரி நார்க்கட்டு. அம்மன் காலடியில் போட்டுக் கும்பிட்டு, கேட்டவர் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அது அப்படியே கோயில் கிணற்றுக்குள் போய்விடும். எங்கள் கோயிலில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பொட்டலம் கட்டுகிறவனுக்கு அந்தக் காரியத்தில் சொந்த வேண்டுதல் எதுவும் இருக்கக் கூடாது. கட்டுவதற்கு முன்னால் கேட்கிறவர் அவனிடம் அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும், அவன் இல்லை என்று சொல்ல வேண்டும்.

“நீங்கதானுங்கண்ணா கட்டோணும்,” என்றான் சுரேந்தர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “டேய், நான் கோயிலுக்குள்ள வந்தே எத்தன வருஷம் ஆச்சு? எனக்கு சாமியே கெடையாதுடா.”

“அதுக்குத்தானுங்க சொல்றேன். பூசாரி கட்டுனா அவரு எங்க மூஞ்சியப் பாத்து எரக்கப்பட்டுப்போடுவாரு. பிந்து கட்டுனா அவ பயம் பொட்டலத்துக்குள்ள போயிரும். நீங்கதான் சாமியே இல்லீங்கறீங்க. சாமி இல்லீங்கறவன் சாமிகிட்ட எதுக்குங்க பொய் சொல்லோணும்?”

யோசித்துப் பாருங்கள், அனீஸ். நான் நாள்தோறும் படித்த பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறேன், ஒருவரும் இவ்வளவு கச்சிதமாக ஒரு வாதத்தை வைத்ததில்லை. நான் அவன் தோளைத் தட்டி, சரி என்றேன். அப்போது என் மனத்தில் ஒன்றும் இல்லை. தம்பி கேட்டான், ஒத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு மத்தியானம் வகுப்பு இருந்தது. பாதி வழியிலேயே கதை வந்துவிட்டது. பேர்களை மாற்றி, ஈரலை அப்படியே வைத்து, பிள்ளைகளிடம் சொன்னேன். கொடுப்பதா வேண்டாமா என்று ஒருவன் பூவிடம் கேட்கிறான். பூ சொன்னபடி செய்தால், செய்தது அவனா, பூவா? நல்ல கேள்விதானே. வகுப்பு கொதித்தது. ஒரு பையன், நாணயம் சுண்டுவதும் இதுவும் ஒன்றுதான் சார் என்றான். இன்னொருத்தி, அவர் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டார், பழி போட ஆள் தேடறார் என்றாள். நான் சாக்பீஸை உருட்டிக்கொண்டு ரசித்துக்கொண்டிருந்தேன். அப்போது லோகப்பிரியா என்ற பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள்.

“சார், பொட்டலம் கட்டறவர் யாரு சார்? கதையில எல்லாருக்கும் பேர் வெச்சிருக்கீங்க. அவருக்கு மட்டும் பேரே இல்ல.”

“அவன் முக்கியமில்லம்மா. இலைய மடிச்சு நார சுத்தறான், அவ்வளவுதான்.”

“இல்லீங்க சார், அவர்தான முக்கியம். ரெண்டு பொட்டலத்துலயும் அவர் ஒரே பூவ வெச்சுட்டா, யாருக்கு சார் தெரியும்?”

அந்த யோசனை அவளுடையது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மற்றவர் யோசனையை என்னுடையது என்று காட்டிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. முன்னுரையில் நன்றி சொல்லும் இடத்தில் அவள் பேரைச் சேர்த்திருக்கிறேன், அச்சுக்குப் போகும்போது விட்டுவிடாதீர்கள்.

அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோறு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து நடந்தேன். பஸ் ஏறி, இறங்க வேண்டிய இடத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். விஷயம் இதுதான். நியாயமாகக் கட்டினால், வெள்ளை வரலாம், சிவப்பும் வரலாம். வெள்ளை வந்தால் சுரேந்தர் கொடுத்துவிடுவான். மோகனா பிழைப்பாள், எல்லோரும் அம்மனுக்குக் கெடா வெட்டுவார்கள். ஆனால் கொடுத்தது யார் என்று எவனாலும் சொல்ல முடியாது. சிவப்பு வந்து, அம்மனே வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒருவன் தங்கைக்காக வயிற்றைக் காட்டினால், அதுதான் கொடை, அவன்தான் சுதந்திரமானவன். அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சிவப்பு வந்தே ஆக வேண்டும். அதிர்ஷ்டத்தின் கையில் விடக் கூடிய காரியமா இது?

இன்னொன்றும் நினைத்தேன், இதையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பியின் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. பூவைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொடுப்பான் என்றே நினைத்தேன். அவனுக்கு அப்படி ஒரு வாய்ப்பைக் கொடுப்பதாகவே பட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். சுரேந்தர், பிந்து, நான். மோகனா ஆஸ்பத்திரியில் இருந்தாள், வீடியோ காலில் அம்மனைக் காட்டச் சொன்னாள். அங்கே சிக்னல் கிடைக்கவில்லை. கோயில் கிணற்றை ஒட்டி செவ்வரளியும் வெள்ளை அரளியும் பக்கம் பக்கமாக நின்றன. பூசாரி இலையையும் நாரையும் என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். சுரேந்தர் குளித்த ஈரத்தோடு வந்து, வழக்கப்படி என் முன்னால் கைகட்டி நின்றான்.

“அண்ணா, இந்தக் காரியத்துல உங்களுக்கு வேண்டுதல் எதாச்சும் இருக்குதுங்களா?”

“எனக்கென்னடா இருக்குது. ஒண்ணுமில்ல, போ.”

அவன் போன பிறகு இரண்டு மரத்திலும் பூப் பறித்தேன். கிணற்று மேட்டில் உட்கார்ந்து முதல் பொட்டலத்தில் சிவப்பை வைத்துக் கட்டினேன். இரண்டாவது இலையை விரித்தேன். வெள்ளை என் இடது கையில் இருந்தது. கை நடுங்கியது, வியர்த்தது என்றெல்லாம் எழுதினால் வாசகர்களுக்குப் பிடிக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு கொத்துச் செவ்வரளியை எடுத்து வைத்து மடித்தேன். இரண்டு கட்டும் ஒரே மாதிரி வர வேண்டுமே என்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது.

சுரேந்தர் நெடுநேரம் கும்பிட்டான். எடுத்தான். பிரித்துப் பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி, அதற்குப் பின்னால்தான் அழுகை. அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னொரு பொட்டலத்தைப் பூசாரி கிணற்றுக்குள் போட்டார். தண்ணீர் கீழே கிடந்தது, சத்தம் வர நேரமானது.

நான் காத்திருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். காரில் திரும்பும்போது நானே எடுத்துக் கொடுத்தேன்.

“ஏண்டா, ஒரு பூ சொல்லுச்சுன்னு விட்டுப்போடுவியா? கூடப் பொறந்தவடா அவ.”

“பூ சொல்லுலீங்கண்ணா, ஆத்தா சொல்லிப்போட்டா. அவளுக்கு மேல நானாருங்க?”

“உனக்கு என்ன தோணுது? உன் மனசுல?”

சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். “குடுத்துப்போடோணும்னுதானுங்க இருந்துச்சு. கண்ண மூடி எடுக்கையில, வெள்ள வந்துரோணும் ஆத்தான்னுதான் கும்புட்டேன். வேண்டாங்கறத மீறிக் குடுத்து, அது அம்மணி உடம்புல சேராம அவளுக்கே ஆபத்தாயிட்டா? அதுக்குத்தான் தடுக்கறாளோ என்னமோ.”

இந்த இடத்தில்தான் என் கணக்குக் கொஞ்சம் பிசகியது. அவன் பயந்துபோய்ப் பின்வாங்குவான், அல்லது துணிந்து மீறுவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ தங்கையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பின்வாங்கினான். அப்படி ஒரு மூன்றாவது வழி இருப்பது எனக்குத் தோன்றவேயில்லை. கதையாக எழுதியிருந்தால் தோன்றியிருக்கும்.

மோகனாவிடம் அவனே போய்ச் சொன்னான். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் மஞ்சள் பூத்த கண்ணோடு அவன் தலையைத் தடவி, “உடுங்க சின்னண்ணா, ஆத்தா வேண்டாம்னா செரி. இத்தன பெரிய ஆளு இப்பிடி அழுதா நர்ஸம்மா சிரிக்குமுங்க,” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவன் வெளியே போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பெரியண்ணா, எடுக்காத பொட்டலத்துல வெள்ளதானுங்களே இருந்துச்சு?”

“ஆமா கண்ணு.”

“அத எடுத்திருக்கலாம், பாவம்,” என்றாள்.

அதற்குப் பிறகும் அவள் கொஞ்ச நாள் இருந்தாள். வயிற்றில் நீர் கோத்தது, எடுத்தார்கள், மறுபடியும் கோத்தது. நினைவு தப்பும் நாட்களில் மகளையே யார் நீ என்று கேட்டாள். அந்த நாட்களில் எந்த நாளிலும் நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். சுரேந்தர் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்திருப்பான், என்னை அடித்திருக்கவும் கூடும். நான் சொல்லவில்லை. இன்றைக்கு மீறுவான், நாளைக்கு மீறுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டால் சோதனை கெட்டுவிடும் அல்லவா. ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து நடந்து என் செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்துபோனது. எனக்கும் அது சுலபமான காலமில்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

ஐப்பசி மழையில் அவளை எடுத்துக்கொண்டு போனோம். கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்த மாப்பிள்ளைக்குக் குடை பிடித்தது நான்தான்.

நீங்கள் காபியைக் குடிக்கவில்லை. பரவாயில்லை. கேட்கத் தயங்குகிறீர்கள், எனக்குத் தெரிகிறது. கேட்காமலே சொல்கிறேன்.

பொருத்தம் பார்க்கும்போது அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல பழக்கம் வைத்திருக்கிறார்கள். கொடுக்கப்போகிறவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவார்கள். குடும்பம் பக்கத்தில் இருக்காது. உங்களுக்கு மனசில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், பொருந்தவில்லை என்று நாங்களே வெளியில் சொல்லிவிடுகிறோம், காரணம் யாருக்கும் தெரியாது என்பார்கள். எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதற்காக. மிக உயர்ந்த ஏற்பாடு. மனித சுதந்திரத்தைப் பற்றி நான் வகுப்பில் பேசியதையெல்லாம் அந்தச் சின்ன அறையில் யாரோ நடைமுறைப்படுத்தி வைத்திருந்தார்கள். நான் அந்த டாக்டரைப் பாராட்டினேன். பிறகு, எனக்கு மனசில்லை என்றேன்.

எனக்குத்தான் நன்றாகப் பொருந்தியிருந்தது, சுரேந்தரைவிட.

எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. கல்யாணமே இல்லை. ஐம்பதும் ஆகவில்லை. இதையெல்லாம் நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே எனக்குச் சொல்லிப் பார்த்தாயிற்று. ஆனால் பாருங்கள், நான் பாதி எழுதிய புத்தகத்தோடு இருந்தேன். ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் படுத்திருந்தால் தொகுப்பு என்னாவது? உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதுவுமில்லாமல், ஒருவன் தன் சுதந்திரமான முடிவை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதைத்தான் நான் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன்.

சுரேந்தர் கொடுத்திருந்தால் என்ன என்று கேட்பீர்கள். கொடுத்திருந்தால் மோகனா இருந்திருப்பாள், எனக்கும் சந்தோஷம்தான். ஒவ்வொரு பொங்கலுக்கும் நோம்பிக்கும் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம். கிணற்றில் குளிக்கும்போது அவன் வயிற்றுத் தழும்பை எல்லோரும் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். வாழ்க்கையில் ஒரு புத்தகத்தைக்கூட முழுதாகப் படிக்காத ஒருவன், நான் பக்கம் பக்கமாக எழுதுவதை வயிற்றில் சுமந்துகொண்டு, பரிமாறச் சொல்லி என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பான். பொறாமை என்பீர்கள். நான் அந்த வார்த்தையைப் போட மாட்டேன். அதற்குச் சரியான வார்த்தையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், அதனால்தான் கதை தாமதமானது.

இருங்கள். இல்லை, அது விமானம். இங்கே இப்படித்தான், ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்துவிடுகிறேன்.

இப்போது முடிவுக்கு வருகிறேன். சுரேந்தர் சரியாக இல்லை. மோகனா போன பிறகு ஒரு நாள் கோயிலுக்குப் போய், கிணற்றடியில் இருந்த இரண்டு அரளியையும் அரிவாளால் அடியோடு வெட்டிப்போட்டான். பூசாரி தடுக்கப் போய்க் கையில் கீறிக்கொண்டார். தறியை நிறுத்திவிட்டான். தனியாகக் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறான். பிந்து போன் செய்து, “மாமா, இவரு எங்களையெல்லாம் உட்டுப்போட்டுப் போயிருவாரோன்னு பயமா இருக்குதுங்க,” என்று அழுதாள். நேற்று அவனே பேசினான்.

“அண்ணா, இன்னொருக்காப் பூக் கேக்கோணுமுங்க. அம்மணிக்குக் குடுக்காம உட்டது ஆத்தா வாக்கா, இல்ல எம்பட பயந்தான் அவ மேல ஏறி அப்பிடிச் சொல்ல வெச்சுதா? அவ வாக்குன்னா வெள்ள காட்டட்டும். எம்பட பயந்தான்னா செவப்பு காட்டட்டும். தெரிஞ்சுபோட்டா அதுக்கப்பறம் நான் பாத்துக்கறேன்.”

“என்னடா பாத்துக்குவே?”

“நீங்களே கட்டிப்போடுங்கண்ணா. உங்களத் தவுர எனக்கு வேற யார் மேலயும் நம்பிக்கையில்லீங்க,” என்றான்.

மேஜை மேல் அந்தப் பிளாஸ்டிக் கவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்களே, அதில் இருப்பது அரளிதான். கோயிலில் செடி இல்லாததால் காலையில் பூமார்க்கெட்டில் வாங்கினேன். சிவப்பும் வாங்கினேன், வெள்ளையும் வாங்கினேன். நேற்றிலிருந்து யோசித்துவிட்டேன். இந்த முறை இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை வைக்கப்போகிறேன். எதை எடுத்தாலும் அவனுக்கு வெள்ளைதான் வரும். அவன் பிழைத்துக்கொள்வான். பிந்து பிழைத்துக்கொள்வாள். மோகனாவைப் போகவிட்டது தான்தான் என்று அம்மனே ஒப்புக்கொண்டுவிடுவாள். அவள் தாங்குவாள், அதற்குத்தானே சாமி. அதோடு கதைக்கும் முடிவு கிடைத்துவிட்டது. சாயங்காலம் வந்து எழுதி அனுப்புகிறேன், நீங்கள் அச்சுக்கூடத்துக்குச் சொல்லி வைக்கலாம்.

நிஜத்தைச் சொல்லிவிடுங்கள் என்கிறீர்களா? சொன்னால் அவன் என்னை மன்னித்துவிடுவான், அனீஸ். அவனை எனக்குத் தெரியும். அழுவான், கும்பிடுவான், கடைசியில் மன்னித்துவிடுவான். அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

ஹார்ன். அவன்தான். அந்த வாழைநாரைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். சிவப்பு அப்படியே கவரில் இருக்கட்டும், போகும்போது குப்பையில் போட்டுவிடுங்கள். முகத்தைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளுங்கள், அவன் வந்ததும் நீங்கள் யார் என்று கேட்பான். பிறகு கோயிலில் என் முன்னால் கைகட்டி நின்று வழக்கப்படி கேட்பான், இந்தக் காரியத்தில் உங்களுக்கு வேண்டுதல் எதாச்சும் இருக்குதுங்களா என்று. போன முறை சொன்னதையேதான் சொல்லப்போகிறேன், அன்றைக்கும் அது பொய்யில்லை. எனக்கென்று இதில் ஒன்றும் இல்லை.